பட்டியலில் இல்லாத நாக்கு

தாம்பெரேயில் விமானம் செய்யும் கொட்டகைக்கு
நான் பண்டகக் காப்பாளன்.
ஆணி எத்தனை, தகடு எத்தனை, பசை எத்தனை டப்பா,
என் கையெழுத்தில்லாமல் எதுவும் பறந்ததில்லை.

முப்பத்தெட்டில் வந்தாள் இல்மா குயித்தினன்.
எங்கள் மொழியில் இல்மா என்றால் காற்று.
பொறியியல் பட்டத்தோடு வந்தவளை
பிறர் வரைந்ததைப் படியெடுக்கும் மேஜையில் உட்காரவைத்தார்கள்.
முதல் நாள் வாங்கியது
இரண்டு பென்சில், ஒரு அழிப்பான்.
மறுவாரமே அழிப்பானைத் திருப்பித் தந்தாள்:
"தப்பெல்லாம் அவர்களுடையது, எனக்கெதற்கு?"

ஆகஸ்டில் ஒஸ்மோ விழுந்தான்.
ஏரிக்கு மேல் தாழப் பறந்து,
மெதுவாக, இன்னும் மெதுவாக,
கரையில் நின்ற ஒருத்திக்குக் கையசைக்கத் திரும்பியபோது
இறக்கைக்குக் காற்றின் பிடி நழுவியது.
விமானியின் கவனக்குறைவு என்றது விசாரணைக் குழு.
அந்த வரியை மட்டும்
இல்மா படியெடுக்க மறுத்தாள்.
"அலமாரிப் பானைகூட விழுமுன் ஆடிச் சத்தம் போடுகிறது.
இது மட்டும் ஏன் வாய்மூடி விழுகிறது?"

மறுநாள் என் சன்னலில் நின்று
பித்தளை நாக்கு ஒன்று கேட்டாள்.
விரல் நீளம், நகக் கனம்.
பட்டியலில் இல்லை என்றேன்.
இல்லாததைக் கொடுக்க நான் யார்?

அந்த ஞாயிறு, தேவாலயத்தில்,
பாட்டின் நாலாம் அடியில்
ஹார்மோனியம் மூச்சு விட்டது, பாடவில்லை.
போதகர் மிதியை மிதித்து மிதித்துப் பார்த்தார்.
சபை வாய் திறந்தபடி காத்திருந்தது.
நான் இல்மாவைப் பார்த்தேன்.
அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறக்கையின் முன்விளிம்பில் ஒரு துளை.
துளைக்குப் பின்னே குழாய், குழாய்க்குள் நாக்கு.
கம்பி இல்லை, மின்கலம் இல்லை.
மூக்கு அளவுக்கு மீறி நிமிர்ந்தால்
துளையில் அழுத்தம் புரளும்,
உள்ளிருக்கும் காற்றை வெளிக்காற்று உறிஞ்சும்,
விழப்போகிற இறக்கை
தானே முனகும்.

ஜனவரியில் நாக்கு உறைந்து ஊமையானது.
வாத்துக் கொழுப்பு கேட்டாள்.
கொடுத்தேன்.
"மசகு, பல்வகை" என்று எழுதினேன்.
முப்பது வருடப் பதிவேட்டில் என் ஒரே பொய்.

காப்புரிமை அலுவலகம் பதில் போட்டது:
இசைக்கருவிப் பிரிவுக்கு அனுப்புக.
இசைக்கருவிப் பிரிவு பதில் போட்டது:
ஒரே சுரம் உள்ளதால் இசை என ஏற்க இயலாது.
அந்த இரண்டு கடிதங்களையும்
தன் மேஜைக்கு மேல் குண்டூசியால் குத்திவைத்தாள்.

பிறகு போர்.
வரைபடத்தில் தலைமைப் பொறியாளர் கையெழுத்திட்டார்.
மூலையில், சின்ன எழுத்தில்,
படியெடுத்தவர்: இ. குயித்தினன்.

போர் முடிந்ததும் கொட்டகை
பாலில் வெண்ணெய் பிரிக்கும் இயந்திரம் செய்தது.
அதற்கும் பற்சக்கரம் வரைந்தாள், நன்றாகவே வரைந்தாள்.
அறுபத்திரண்டில், நுரையீரல் காய்ச்சலில்,
ஒரு செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.
அன்று சம்பள நாள்.

எழுபத்தொரு வயதில் நான் முதல்முறை பறந்தேன்.
மகள் வாழும் தீவுக்கு,
ஏரியில் இறங்கும் பொம்மை மாதிரி ஒரு விமானம்.
மிதவை தண்ணீரைத் தொடுமுன்
இடது இறக்கை முனகியது.

"பயப்படாதீங்க, ஒன்றுமில்லை,
இறங்கும்போதெல்லாம் இப்படித்தான் கத்தும்,"
என்றான் ஓட்டுகிற பையன்.

எனக்கு அந்தச் சுரம் தெரியும்.
நாலாம் அடி.

விழப்போகிறாய், விழப்போகிறாய் என்றது.
கால் நனையாமல் இறங்கினேன்.