எது நல்லம்?

இங்கே இரவு ஒன்பதரை, அங்கே மதியம்.
போனை அங்கர் ரின்னில் சாய்த்துவைத்து
விதை வெங்காயம் தெரிந்துகொண்டிருந்தேன்.
பிரம்டனில் ஒரு கடைக்குள் நிற்கிறான் பகீரதன்.
"மச்சாள், ரெண்டில ஒண்டு எடுக்கவேணும்.
எது நல்லம் எண்டு சொல்லு."
கண்ணாடி மேசையில் பக்கத்துப் பக்கத்தில்
இரண்டு பம்ப் துவக்குகள்.

ஏழாலையில் பம்ப் என்றால்
வெங்காயத்துக்கு இறைக்கிற மிசின்.
அதைச் சொன்னேன். சிரித்தான்.
ஞாயிறு தோறும் களிமண் தட்டு எறிவார்களாம்,
செம்மஞ்சள் நிறம், தேத்தண்ணிக் கோப்பை வைக்கிற தட்டளவு.
பறக்கப் பறக்கச் சுடவேணுமாம்.
உடைந்தால் ஒரு புள்ளி.
உடையாதது புல்லில் கிடக்கும்,
ஒருவரும் தேடிப் போவதில்லை.

ஒன்று வால்நட் மரப் பிடி,
சீதனத்து அலுமாரிக் கதவு மாதிரி ரேகை ஓடியது.
எண்ணூற்றைம்பது டொலர், பாரம்.
மற்றது கறுப்புப் பிளாஸ்டிக்.
நானூற்று எழுபது, மழைக்குப் பயமில்லை,
ஒரு கையால் தூக்கிக் காட்டினான்.

"இழுத்துக் காட்டு" என்றேன்.
சறக். சறக்.
கணக்குக் கொப்பியிலிருந்து சாம்பவி நிமிர்ந்தாள்.
"என்னம்மா சத்தம்?"
"மாமா கடையில நிக்கிறார்."
அது பதில் இல்லை.
பதிலென்று எடுத்துக்கொண்டு
பின்னங்களுக்குத் திரும்பிப் போனாள்.
என் வலத்தோள் மட்டும்
என்னைக் கேளாமல் கொஞ்சம் பின்னுக்குப் போனது.

துவக்குகளைப் பற்றி என்னிடம் நிறையக் கேட்டிருக்கிறார்கள்.
மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து,
நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை இருத்தி:
எத்தனை, எவடம், ஆர் தந்தது, எந்த மரத்தடி.
பெண் பார்க்க வந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை,
தேத்தண்ணி நீட்டிய கையைப் பார்த்தார்கள்.
எது நல்லம் என்று ஒருவரும் கேட்டதில்லை.
தந்தவர்களும்தான்.
வரிசையில் என் முறை வந்தபோது
குவியலின் மேலே எது கிடந்ததோ அது.
என் கைக்கு நாலு விரல் நீளம்.

வெங்காயத் தோலைத் தட்டிவிட்டு எழும்பினேன்.
"பின்கட்டையை முழங்கை மடிப்பில வை.
விரல் விசைக்கு எட்டுதா?"
"எட்டுது."
"மற்றதுக்கு?"
"அதுக்கும்."
"வெறுங்கோது எங்கால விழும்?"
தெரியவில்லை. தாடிக்காரனிடம் கேட்டான்.
கறுப்புக்கு வலப்பக்கத்தால்,
மரப் பிடிக்கு அடியால், நேரே காலடிக்கு.

பிறகு தோளில் வைத்தான்.
இடத்தோளில்.

மறந்தே போயிருந்தேன்.
இரண்டாம் வகுப்பில் செல்லப்பா வாத்தியார்
அந்தக் கையைத்தான் கதிரையோடு கட்டிவைத்தவர்.
எழுத்தும் சோறும் வலத்துக்குப் போயின.
பந்தும் கல்லும் மாங்காயும்
இடத்திலேயே நின்றுவிட்டன.

"கறுப்பு வேண்டாம் பகீர். கோது உன்ர மூக்குக்கு முன்னால பாயும்.
நீ கண் வெட்டுவாய். தட்டுப் போயிடும்.
மரத்தை எடு. பாரம் நல்லம், உதை குறையும்,
தட்டோட சேர்ந்து சீராய்த் திரும்பும்."
இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன்.
சாம்பவி பென்சிலை வாயில் வைத்தபடி
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கூடக் காசு மச்சாள்."
"ஓம். கூடத்தான்."
படம் உறைந்தது.
அவன் வாய் ஏதோ ஒரு சொல்லில் திறந்தபடி நின்றது.

அடுத்த கிழமை வீடியோ வந்தது.
கறுப்பைத்தான் வாங்கியிருக்கிறான்.
கழிவு விலையாம், ஒரு பெட்டித் தோட்டா இலவசமாம்.
துவக்கைப் பற்றி நான் சொன்னதை
ஒருவன் கேளாமல் விட்டான்,
ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

கோது ஒவ்வொன்றாய் முகத்துக்குக் குறுக்கே பாய்ந்தது.
சொன்னபடியே கண் வெட்டினான்.
பதினாலு எறிந்ததில் மூன்று உடைந்தது.
உடைந்த மூன்றுக்கும் பின்னால் யாரோ கைதட்டினார்கள்.
நான் மற்றதுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்:
பதினொரு தட்டு,
முழுசாய்,
புல்லில் இறங்கிக்கொண்டிருந்தன.