நாலு விரல் கணக்கு

வலக்கையில் கயிறு இருக்கும்.
கயிற்றின் மறுமுனையில், பத்துப் பாகம் ஆழத்தில்,
கம்பிக் கூடு ஒன்று மீனோடு கிடக்கும்.
ஆகவே கத்தி இடக்கைக்கு.

பிடியின் முதுகில், கடைசிக்குச் சற்று முன்னால்
ஒரு குழி இருக்கிறது.
பெருவிரலால் அங்கே அழுத்து.
பூட்டு இளகுவது காதுக்குக் கேட்காது,
எலும்புக்குத் தெரியும்.
அலகின் முதுகைத் தொடையில் வை.
முதுகை.
மெல்லத் தள்ளு, பாதி மடங்கும்.
பெருவிரலை எடு.
இப்போதுதான் மற்ற நாலு விரலும்
எங்கே இருக்கின்றன என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான் கேட்காமல் விட்டது ஒரே தடவை.

மனாமா சந்தையில் ரெண்டரை தினாருக்கு வாங்கி
பதினோராம் நாள்.
சுட்டுவிரலின் ரேகைகள் நடுவில்
குறுக்கே ஒரு புது ரேகை.
ரத்தம் நின்றது, தோல் கூடியது,
அட்டை புதுப்பிக்கும் கவுண்டரில்
கண்ணாடிமேல் விரலை வைத்தால்
சிவப்பு.
"மர்ரா தானியா" என்றாள் அந்தப் பெண்.
துடைத்து வைத்தேன். சிவப்பு.
என்னை நானில்லை என்று
ஒரு பெட்டி மூன்று முறை சொன்னது.
எனக்குப் பின்னால் முப்பது பேர்
செருப்பை மாற்றி மாற்றி நின்றார்கள்.

அதன்பின் நங்கூரமிட்ட ராத்திரிகளில்
மிதவைக்கு எண் எழுதும் மார்க்கரை எடுத்து
கூரின்மேல் கறுப்பு பூசி, அதன்மேல் நாடா ஒட்டி,
நாடாமேலும் பூசி,
மடக்கினேன். விரித்தேன். மடக்கினேன்.
தப்பும்போதெல்லாம் விரலில் ஒரு கோடு விழும்.
ஊரில் அப்போது தேர்தல்.
நான் முஹர்ரக் கடலில்
ஒரே ராத்திரியில் பதினாலு ஓட்டுப் போட்டேன்.
மூன்றாம் ராத்திரி இரண்டு.
ஐந்தாம் ராத்திரி விரல் வெறுமனே இருந்தது.

பூட்டை இளக்கியதும் அலகு வந்து விழட்டும்,
அடியில் கூரில்லாத ஒரு நகக்கண் அளவு இடம் உண்டு,
அது சுட்டுவிரலில் மோதி நிற்கும்.
கூர் அங்கே எட்டாது.
நின்றபின் விரல்கள் பள்ளத்தைவிட்டு வெளியேறும்,
பக்கங்களைப் பிடித்துக்கொள்ளும்,
தொடை மிச்சத்தை மூடும்.
டக்.

ஷமால் அடித்த ஒரு விடியலில்
ஓடும் கயிறு ரொகிபுலின் கணுக்காலைச் சுற்றியது.
கூட்டம் கூட்டமாய் கூடுகள் கீழே இறங்க
அவன் தளத்தில் மல்லாந்து போய்க்கொண்டிருந்தான்,
வாயில் அவன் பாஷை, என்ன சொன்னானோ.
வலக்கையால் அவன் சட்டையைப் பிடித்தேன்.
வெட்டினேன்.

அதைத்தான் எல்லாரும் சொன்னார்கள்.
நகுதா கரையில் சொன்னார், மீன் ஏலக்காரன் சொன்னான்,
ரொகிபுல் தன் அம்மாவுக்கு போனில் சொன்னான்,
நான் ஆள்காட்டிவிரலை அசைத்து நடிக்கவும் செய்தேன்.
வெட்ட எவனாலும் முடியும்,
கயிறு இறுகியிருந்தால் அது தானே அறும்.

அடுத்த அலையில் வள்ளம் சாய்ந்ததை யாரும் சொல்லவில்லை.
அவன் என்மேல் விழுந்தான்,
என் கையில் நாலங்குல இரும்பு விரிந்து நின்றது,
அவன் விலாவுக்கும் அதற்கும் நடுவே
ஒரு ஈரச் சட்டை.
கடலில் வீசியிருக்கலாம்.
ரெண்டரை தினார்.
குழி. முதுகு. தொடை.
நாலும் இருக்கிறதா? இருக்கிறது.
டக்.
பிறகுதான் அவன் முழுசாக விழுந்தான்,
என் பல் ஒன்று அவன் மண்டையில் பட்டு ஆடியது.
அந்தப் பல்லைப் பற்றியும் சிரித்தார்கள்.

சிக்னல் கிடைக்கும் இடத்தில் அன்று ராத்திரி
ரெஜினாளிடம் பேசினேன்.
மூத்தவன் கணக்கில் தோற்றானாம்,
கூரைத் தகரத்துக்கு இன்னும் ஆறாயிரம் வேணுமாம்.
கேட்டுக்கொண்டே விரித்திருக்கிறேன், மடக்கியிருக்கிறேன்,
எனக்கே தெரியாமல்.

"அது என்ன சத்தம்? கதவ அடச்சியளா?"

நாலு பக்கமும் கடல்.
வள்ளத்தில் கதவென்று ஒன்று
செய்தவன் வைக்கவேயில்லை.

"ஆமா," என்றேன்,
"காத்து அடிக்குல்லா."