நாம, நாங்க

ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
முதல் நாளே கேட்டுவிட்டார்கள்:
'மொழியியலா? அப்ப எத்தனை பாஷை பேசுவீங்க?'
ஒன்றரை என்றேன்.
டெம்போ ஓட்டும் தஸ்தகீருக்கு நான்கு.
அவர் படித்தது அஞ்சாவது.

'தப்பாப் பேசினா திருத்துவீங்களோ?'
சிக்கராஜப்பா எடை போட்டபடி கேட்டார்.
இந்தத் தராசு, காய் பழுக்கலையென்று
என்றைக்காவது கோபித்திருக்கிறதா என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
'பதனஞ்சு கிலோ' என்றார்.
குறித்துக்கொண்டேன்,
எடையை அல்ல,
பதினைந்தில் இகரம் உதிர்ந்த இடத்தை.

ழகரம் வராதவர்களை எண்ணுவீர்களா என்றும் ஒருவர்.
எண்ணுவேன்.
முதலில் என் அம்மாவை.
தூத்துக்குடியில் எங்களுக்கும் வாளப்பளம்தான்.

சீட்டில் 'பத்து பாக்ஸ்' என்று எழுதினால்
இரண்டு ப-வும் ஒரே அச்சு.
சொல்லிப் பாருங்கள்:
முதலாவது உதட்டில் சும்மா வெடிக்கிறது.
இரண்டாவது வெளியே வருவதற்குள்
தொண்டை அதிரத் தொடங்கிவிடுகிறது.
நம்பாத சுமைக்காரர்கள் ஏழு பேர்
கழுத்தில் விரல் வைத்துக்கொண்டு
பத்து பாக்ஸ், பத்து பாக்ஸ் என்று நின்றபோது
ரோந்துபோன போலீஸ்காரர் ஒருவர்
பைக்கை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் தேடி வந்தது வேறு.
தமிழில் ஒரு வாசற்படி உண்டு:
நாம என்றால் கேட்கிற நீயும் உள்ளே,
நாங்க என்றால் நீ வெளியே.
தெலுங்கிலும் அந்தப் படி உண்டு.
உள்ளே சேர்த்துக்கொள்வதற்கு அங்கே பெயர் மனம்.
(தமிழ்க் காது அதைக் கேட்டு
ஒரு நொடி தடுமாறும். தடுமாறட்டும்.)
இன்றைய கன்னடத்தில் படி தேய்ந்து
தரை சமமாகிவிட்டது:
எல்லோருக்கும் ஒரே நாவு.
வீட்டில் கன்னடம் பேசும் சிக்கராஜப்பா
மண்டித் தமிழில் இரண்டையும் குழப்புவார் என்பது
என் ஊகம்.
பதினோரு நாள், அறுபத்து நான்கு இடம்.
ஒன்றில்கூட அவர் குழப்பவில்லை.
ஊகத்தின் மேல் ஒரு கோடு.

பன்னிரண்டாம் நாள்
பெட்டி அறுபது ரூபாய்க்கு விழுந்தது.
உத்தனப்பள்ளிப் பக்கமிருந்து
நாற்பது பெட்டியோடு வந்த முனிலட்சுமம்மாவிடம்
மண்டிக்காரர் சீனப்பா சொன்னார்:
'பெங்களூர்ல எடுக்கல. நாம என்ன பண்ண முடியும்?'

அவள் முந்தானையை உதறினாள்.
'நாம இல்ல சாமி. நாங்க.'

நாலே சொல்.
நான் விளக்கக் குறைந்தது
ஒரு பக்கமாவது எடுத்துக்கொள்ளும் விதி.

'வாடகையும் நாங்க, ஏத்துக்கூலியும் நாங்க.
கமிஷன் மட்டும் எப்படி நீங்க?'
கூட்டத்தில் யாரோ
கணக்கு எழுதும் சிக்கராஜப்பாவைப் பார்த்து,
'நீ சொல்லுய்யா, நீ யாரு பக்கம்?'

அவருடைய சம்பளம் சீனப்பாவிடம்.
அவருடைய தம்பியின் தக்காளி
வெளியே லாரியில், இன்னும் இறக்காமல்.
பேனாவை மூடினார், திறந்தார்.
பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக
மண்டியில் கன்னடத்தில் சொன்னார்:
'நாவு ஏனு மாடோது?'

இரவு லாட்ஜில்
அந்த வரிக்குத் தமிழ் எழுத உட்கார்ந்தேன்.
நாம என்ன செய்வது?
நாங்க என்ன செய்வது?
ஒன்றைச் சொல் என்று தமிழ் நச்சரித்தது.
என் பட்டியலிலும் இரண்டே கட்டம்: உள், வெளி.

பதிவைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன்.
பெட்டி உருளும் ஓசை, தஸ்தகீரின் ஹாரன்,
பக்கத்தில் என் இருமல்.
நாவு என்பதற்கு முன்னால்
அவர் மூச்சு ஒரு விநாடி நிற்கிறது.
அதற்கு எந்தக் குறியும்
எனக்குச் சொல்லித்தரப்படவில்லை.
பென்சிலால் ஒரு காற்புள்ளி போட்டேன்.
கட்டங்களை விட்டுவிட்டேன்.