பத்து விநாடி

நேற்றிரவு அப்டேட் ஒன்று வந்து போயிருக்கிறது.
காலையில் பொத்தானை அமுக்கினேன்.
கறுப்புத் திரை இல்லை,
வெள்ளை எழுத்தில் இரண்டு பெயர் இல்லை,
பத்திலிருந்து இறங்கும் எண் இல்லை.
நேரே விண்டோஸ்,
செருப்போடு கூடத்துக்கு வந்துவிட்டவன்போல.

கலியபெருமாள் எட்டிப் பார்த்தார்.
"ஓடுதே, அப்புறம் என்ன?"
ஓடுகிறது.
தணிகாசலம் போட்டுக்கு நாற்பது பார் ஐஸ்,
பாக்கி ஆயிரத்து இருநூறு.
பிரிண்டர்கூட இன்றைக்கு மக்கர் பண்ணவில்லை.
எது கெட்டது என்று அவரிடம் எப்படிச் சொல்ல?
எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த ஒன்று
கேட்பதை நிறுத்திவிட்டது.
இந்த ஆபீசில் டீகூட
சர்க்கரை போட்டேதான் வரும் எனக்கு.

கன்னியக்கோயிலில் ரேஷன் கார்டு, முதுநகரில் சம்பளம்.
முள்ளோடையில் பெட்ரோல் போட்டுக்கொண்டு
பெண்ணையாறு, கெடிலம் என்று
இரண்டு பாலம் தாண்டி வருகிறவள் நான்.
வரைபடத்தில் எங்கள் பக்கம்
யாரோ அவசரத்தில் பார்ட்டிஷன் பிரித்த டிஸ்க்:
இங்கே ஒரு துண்டு,
நடுவில் அடுத்தவன் வயல்,
மறுபடி ஒரு துண்டு.
ஒரே தட்டில் இரண்டு அரசு என்பது
எனக்கு ஒருநாளும் அதிசயமாகப் படவில்லை.

லினக்ஸ் பக்கம் பெரிதாக ஒன்றுமில்லை.
மீன் பெயர்கள், இருநூற்றுப் பதினான்கு.
ஐஸ் ஏற்ற வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது.
காரல், சுதும்பு, கிழங்கான்,
பிறகு தேவனாம்பட்டினத்தில் ஒரு பெயரும்
வீராம்பட்டினத்தில் சொன்னால் சிரிக்கிற பெயருமாய் ஒன்று.
அழிந்துவிடவில்லை. அங்கேயேதான் இருக்கிறது.
போகிற வழிதான் இல்லை.

மதியம், கம்ப்ரஸர் இரைச்சலுக்கு நடுவே,
எஃப் டூ, எஃப் டூ, எஃப் டூ.
பூட் வரிசையில்
துண்டு போட்டு இடம் பிடித்திருந்தது விண்டோஸ்.
தூக்கிக் கீழே வைத்தேன். சேமித்தேன்.
திரும்பி வந்து பார்த்தால் மறுபடி அதே ஜன்னலோர சீட்டில்.

அமலோற்பவத்தின் பென்டிரைவில்
அவள் தங்கை கல்யாண வீடியோ இருந்தது.
கேட்டுவிட்டுத்தான் அழித்தேன்.
அதிலிருந்து ஏறி உள்ளே போனால்
அடுத்த தடை:
அணைந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு
அரைக்கண் திறந்து தூங்குகிறது விண்டோஸ்,
தன் பக்கத்தில் யாரையும் எழுத விடாமல்.
முழுசாகத் தூங்க வைத்தேன்.
டிஸ்க் பெயரில் ஓர் எழுத்து தப்பினேன்,
நல்லவேளை, திட்டியது.
மூன்றாவது முறை க்ரப் ஒட்டிக்கொண்டது.

மூன்றரைக்குக் கறுப்புத் திரை.
ஒரே ஒரு பெயர்.
இப்போது விண்டோஸைக் காணோம்.
சிரித்துவிட்டேன்.
நாற்காலி கிடைத்ததும் இதுவும்
அடுத்தவனை மறந்துவிட்டது.
வேறு யாரும் இருக்கிறார்களா, தேடிப் பார்
என்று ஒரு வரி உண்டு உள்ளே.
அதன் முன்னால் ஒரு குறி போட்டு
வாயை அடைத்து வைத்திருந்தார்கள்.
எடுத்தேன். தேடியது. இருந்தான்.

கடிகாரம் பாக்கி.
ஒருவன் லண்டன் நேரத்தை எழுதி வைக்க
மற்றவன் அதைக் கடலூர் நேரம் என்று படிக்கிறான்.
விடிகாலை மூன்றுக்கு ஏறிய ஐஸ்
முந்தின ராத்திரி ஒன்பதரைக்கே ஏறியதாகக் கணக்கு.
தணிகாசலம் அன்றைக்குச் சண்டைக்கு வந்தது
இதனால்தான் என்று இப்போதுதான் புரிகிறது.
நாளைக்குப் பார்க்கலாம்.

மூடுவதற்கு முன்
பத்து என்று இருந்ததை அழித்துக்
கழித்தல் ஒன்று என்று எழுதினேன்.
எண்ணாதே,
நான் சொல்லும்வரை நில் என்று அதற்கு அர்த்தம்.

ஆறு மணிக்குக் கலியபெருமாள்:
"ஏம்மா, நின்னுபோச்சே?"
"நிக்கல சார். கேக்குது."
"என்ன கேக்குது?"
"எது வேணும்னு."
அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
திரையைப் பார்த்தபடி நின்றார், விரல் படாமல்.
டீ வந்தது.
சர்க்கரை போட்டு.