ஏழாம் தொட்டில்

டுலூத், பிப்ரவரி.
பால்புட்டி சூடாக்கும் அடுப்புக்கு மேலே
வாஷிங்டன் அனுப்பிய அறிவிப்பு:
ஊனமென்று சொல்லி எந்தச் சிசுவுக்காவது
உணவோ மருந்தோ மறுத்தால்
இந்த எண்ணை அழைக்கவும்.

ஏழாம் தொட்டில் அட்டையில்
டாக்டர் ஹால்வர்சனின் சாய்ந்த எழுத்து:
வாய்வழி ஒன்றும் வேண்டாம்.
அதன்கீழ் அப்பன்காரன் கையெழுத்து,
பேனா காகிதத்தைக் கிழித்த இடத்தோடு.

ஆனாலும் காலை ஆறுக்கு
எடை பார்த்தாக வேண்டும். அது விதி.
திங்கள் இரண்டாயிரத்து எண்ணூறு கிராம்.
புதன் இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து.
வியாழன், தராசில் கிடந்தபடியே
என் சுண்டுவிரலைப் பிடித்துச் சப்பினான்.

வெள்ளி மாலை, கோட்டில் பனி ஒட்ட
இரண்டு அதிகாரிகள் வந்தார்கள்.
தொட்டிலில் அதற்குள் புதுத்துணி விரித்தாயிற்று.
யார் அழைத்தது என்றார்கள்.
பதிவேட்டை நீட்டினேன்.
எடைகள் சரியாக இருந்தன.
சுண்டுவிரலுக்கு
அதில் கட்டம் இல்லை.