பதினாறு உறைகள்

ஆண்டுக்கொரு முறை, ஜூலைக் குளிரில்,
சாந்தியாகோ நிதி அமைச்சகத்தின் நான்காம் மாடியில்
உறை பிரிக்கிறவன் நான்.
பதினாறு பேர் எழுதி அனுப்புவார்கள்,
இனிவரும் பத்தாண்டில்
ஒரு பவுண்டு செம்பு என்ன விலைக்குப் போகும் என்று.
இருப்பதில் பெரியதை அடிப்பேன்.
சிறியதை அடிப்பேன்.
மிச்சம் பதினாலையும் கூட்டி வகுத்தால் வருவதுதான்
இந்த நாடு தன்னைப் பற்றி நம்ப வேண்டிய தொகை.
அதற்குள்தான் செலவு.
அதற்குமேல் சந்தை தருவது வரவல்ல,
யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன குடை.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள்.
காற்றடிக்கும்போது தூற்றாதே என்று
தனக்குத்தானே சட்டம் போட்டுக்கொண்ட நாடு இது.

அந்த வருடம் காற்றில்லை, புயல்.
சந்தையில் மூன்றே கால் டாலர்,
உறைகளுக்குள் ஒன்றரை.
இடைப்பட்டதெல்லாம் கடல் கடந்து
யார் முகமும் அறியாத கணக்குகளில் போய்ப் படுத்துக்கொண்டது.
தெருவில் ஆசிரியர்கள் பாத்திரம் தட்டினார்கள்.
செம்பை விற்கிற நாட்டில்
தட்டுவதற்கு எல்லார் கையிலும் அலுமினியம்.
ஜன்னலைச் சாத்தினேன்.
குளிருக்காக என்று சொல்லிக்கொண்டேன்.

என் மனைவி ஹிமேனா
சான் பெர்னார்தோவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.
அங்கே லிஃப்ட் நின்று பதினொரு மாதம்.
இடுப்பு உடைந்தவர்களை நாற்காலியோடு தூக்கி
மூன்று மாடி ஏற்றுகிறார்கள்.
இரவில் மூன்று பேர்தான் இருப்பார்கள்,
நாற்காலியின் நாலாவது காலுக்கு ஆளில்லை.
"பணம் இல்லையா?"
"இருக்கிறது."
"பிறகு?"
"அது இந்த வருடத்துப் பணம் இல்லை."
கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.
"ஆறவிடாதே. இது இந்த வருடத்து சூப்."

அவளிடம் நான் சொல்லாதது:
விலை விழுந்த ஒரு வருடம்
எங்கள் பள்ளிக்குக் கணக்கு வாத்தியார் வரவில்லை.
அடுத்த மாதம் அறிவியல் வாத்தியார்.
அப்புறம் பள்ளிக்கூடமே வரவில்லை.
விதிகள் பயந்தவர்கள் எழுதி வைத்தவை.
நானும் பயந்தவன்தான்.

கடைசி உறை, பேராசிரியர் எரிபெர்த்தோ ஒலாவார்ரியாவுடையது.
எப்போதும் நீல மையில், இரண்டு தசமம்.
இந்த முறை ஒரே சொல்:
தெரியாது.
கையெழுத்து, தேதி, எல்லாம் ஒழுங்கு.

தெரியாது என்பதை எப்படிக் கூட்டுவது?
அது பெரியதா, சிறியதா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
போன் போட்டேன்.
"ஐயா, ஓர் எண் வேண்டும்."
நெடுநேரம் அந்தப் பக்கம் கெட்டில் கொதிக்கும் சத்தம்.
"இத்தனை வருடம் நான் கொடுத்ததும் இதே பதில்தான்.
புள்ளி வைத்து எழுதினேன், அவ்வளவே."
பிறகு இருமல்.
"சரி, போன வருடத்ததைப் போட்டுக்கொள்."

போட்டேன்.
பெரியதுமல்ல, சிறியதுமல்ல, தங்கிவிட்டது.
சராசரி அரை சென்ட் இறங்கியது.

பதினைந்து மாதத்தில் விலை பாதிக்கும் கீழே சரிந்தது.
கடல் கடந்த கணக்குகளைத் தட்டி எழுப்பினோம்.
குடையை விரித்தோம்.
ஆசிரியர் சம்பளம் ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை.
அமைச்சகத்தில் கேக் வெட்டினார்கள்.
ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி
ஹிமேனாவுக்குக் கொண்டுபோனேன்.
இரவுப் பணி, மூன்றாம் மாடி.
ஏறித்தான் போனேன்.
லிஃப்ட் கதவில் அதே அட்டை.
'பழுது' என்ற சொல்லுக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள்.

எல்லாம் சொன்னேன் அவளிடம்,
அந்த ஒற்றைச் சொல்லை, அரை சென்ட்டை.
விரலில் ஒட்டிய கிரீமைத் துடைத்தபடி கேட்டாள்:
"அரை சென்ட் என்றால் எத்தனை படி?"

மனதுக்குள் பெருக்கத் தொடங்கினேன்.
கீழே திருப்பத்தில்
மூச்சு வாங்கும் சத்தம்.
அவள் பெயரை யாரோ கூப்பிட்டார்கள்.
கேக்கை ஜன்னலோரம் வைத்துவிட்டு ஓடினாள்.
நானும் இறங்கினேன்.
நாலாவது கால்
என் கைக்கு வந்தது.