பாக்கி: பத்து பிராங்கு

டுவார்னெனே துறையில்
கடிதத்துக்கும் மத்தி மீனுக்கும்
ஒரே மாதிரித் தராசு.
எங்கள் தபாலகக் கவுண்டரிலும்
வறுத்த எண்ணெய் வாடைதான்.

கூல்வென் அனுப்பும் உறையை
நான் எடை போட வேண்டியதில்லை.
லெ ஆவ்ர் ஊரில் எவரோ போட்டு,
சலித்து,
முக்கோணம் அடித்து அனுப்பியிருப்பார்.
ஒட்ட வேண்டியது பதினைந்து பிராங்கு.
அவன் ஒட்டுவது எப்போதும் பத்து.
குறைவது ஐந்து, சட்டப்படி இரட்டிப்பு.
தலையில் குறைந்தால்
பெறுபவர் தலையில்.

பெறுபவர் அஸெனோர், அவன் அக்கா.
டப்பா ஆலையில் மத்தியின் தலை கிள்ளுகிறாள்.
கதவைத் திறக்கும்போதே
ஏப்ரன் பையில் சில்லறை கிலுங்கும்.
"இன்றைக்கும் அரைகுறையா?"
"மறுக்கலாம், உங்களுக்கு உரிமை உண்டு" என்பேன்.
சொல்ல வேண்டும், சட்டம்.
(நோட்டரி வீட்டில் மறுப்பார்கள்,
கொள்கையாம்.
அவர் மாமியார் இறந்த செய்தி
அப்படித்தான் இரண்டு வாரம் ஊர் சுற்றியது.)

ஏழு வருடத்தில் ஒரே ஒரு முறை மறுத்தாள்.
சைக்கிளை வலை உலர்த்தும் சுவர் வரை
தள்ளிக்கொண்டு போயிருப்பேன்.
ஈரக் கையோடு ஓடி வந்தாள்:
"கொடு, மழையில் நனைந்துவிடும்."

அன்று மழை இல்லை.

அவன் ஊரைவிட்டுப் போனபோது
ரயிலுக்கும் ஒரு கம்பளிக் கோட்டுக்கும்
ஆயிரத்து ஐந்நூறு கைமாற்று வாங்கினான்.
இது தெருவுக்கே தெரியும்,
அவள்தான் சொன்னாள், வீடு வீடாக.

பிப்ரவரியில் ஒரு பழுப்பு உறை வந்தது.
முகவரிக்கு மட்டும் தீப்பெட்டி அளவு இடம் விட்டு
முன்னும் பின்னும்
ஐம்பது பிராங்குத் தலைகள்.
ஒவ்வொன்றின் மேலும் முத்திரை,
அடித்தவர் கை வலித்திருக்கும்.
உள்ளே ஒற்றைத் தாள் போலிருந்தது,
அதைவிட மெல்லிசாகக்கூட இருக்கலாம்.

அவள் பழக்கத்தில் பத்து பிராங்கை நீட்டினாள்.
"ஒன்றும் தர வேண்டாம்."
காசு எங்கே போவதென்று தெரியாமல்
நீட்டிய கையிலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு எண்ணினாள்,
செதில் ஒட்டிய கட்டைவிரலால்.
முப்பத்தேழு.
"ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. இதைக் காசாக்கலாமா?"
"முத்திரை அடித்தாயிற்று அம்மா.
அது அரசாங்கத்துக்குப் போன காசு."
"முட்டாள். கடனை வாங்கியது என்னிடம்,
கட்டியது அரசாங்கத்திடம்."
கதவு சாத்தப்பட்டது.
உள்ளே சிரிப்பா, வேறெதுவுமா,
தபால்காரன் காதுக்கு அது அவசியமில்லை.

ஆனாலும் அந்த முந்நூற்று ஐம்பது
ஏற்றம் முழுக்க என்னோடு மிதித்துக்கொண்டு வந்தது.
கைமாற்று ஆயிரத்து ஐந்நூறுதானே?
தேவாலயத்துக்குக் கீழே, பிரேக் பிடிக்கையில், பிடிபட்டது.
முப்பத்தைந்து கடிதம். தலைக்குப் பத்து.
அவள் என்னிடம் எண்ணிக் கொடுத்ததை
அவன் அங்கே எழுதிவைத்திருக்கிறான்,
அவள் ஓடி வந்து வாங்கிய அந்த ஒன்றையும் சேர்த்து.
வட்டியும் முதலுமாய்,
ஒரு சல்லியும் கைக்குச் சேராதபடி.

சனிக்கிழமை படகுத்துறைப் பெட்டியைத் திறந்தேன்.
வெள்ளை உறை, பென்சில் எழுத்து:
கூல்வென், சரக்குக் கிடங்கு ஏழு, லெ ஆவ்ர்.
வலது மூலை வெறுமை.
எச்சில் பட்டு உலர்ந்த தடம்கூட இல்லை.

என் பர்ஸில் பதினைந்து பிராங்குத் தலை ஒன்று
எப்போதும் இருக்கும்,
குழந்தைகள் மறந்து போடும் கடிதங்களுக்கு.
வெளியே எடுத்தேன்.
திரும்ப உள்ளே வைத்தேன்.

மை கட்டையைத் திறந்து
முக்கோணத்தை அழுத்தமாக அடித்தேன்,
சாயாமல், மூன்று மூலையும் பதிய.
பாக்கி: முப்பது.